சட்டைப்பையில் ஒரு லட்சம்

மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் கேமராவின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே வைத்திருந்தார் மெக்கானிக். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. எதிரே ஸ்டூலில் நான். அறுவைசிகிச்சை அறையின் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

“இங்க பாருங்க சார்” என்று இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தேன் நிறத்தில், சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத பட்டை. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கோடுகள். பட்டை மடங்கும் இடத்தில் ஒரே ஒரு கோடு அறுந்திருந்தது.

“லென்ஸ் சுத்தமா இருக்கு. மோட்டார் ஓடுது. ஷட்டரும் நல்லாத்தான் இருக்கு. லென்ஸ் வெளிய வந்துட்டு உள்ள போறப்பல்லாம் இந்தப் பட்டை மடங்கி மடங்கி நிமிருது. முப்பது வருஷம் மடங்கினா எதுதான் சார் தாங்கும்? இதை இப்ப யாரும் செய்யறதில்லை. இதே கேமரா இன்னொண்ணு செத்துப்போய்க் கிடைச்சா, அதுலேருந்து எடுத்துப் போட்டுத் தரேன்.”

பல மாதம் மிச்சம்பிடித்து வாங்கிய கேமரா அது. அதில் நான் எடுத்தது மூன்றே ரோல். எந்த கேமரா, யாரிடம் வாங்கியது என்பது இங்கே முக்கியமில்லை. விலை உயர்ந்த ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட் ஃபிலிம் கேமரா எதைத் திறந்தாலும் உள்ளே இப்படிப்பட்ட பட்டைகள்தாம் இருக்கும். லென்ஸின் பெயர், டைட்டானியம் உடம்பு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிரபலங்கள் பற்றியெல்லாம் எனக்கு நிறையப் பேர் சொன்னார்கள். பட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இன்று அந்த ஜாதிக் கேமராவை வாங்கத் துடிக்கும் இளைஞர்களுக்கு அதை நான் சொல்லியாக வேண்டும். அதோடு, இத்தனைக்குப் பிறகும் இந்தக் கேமராக்கள்மேல் எனக்குப் பிரியம் குறையாதது ஏன் என்பதையும்.

கியோட்டோவின் பீங்கான்காரர்கள்

சின்னக் கேமரா என்றால் மலிவான கேமரா என்றுதான் உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. நல்ல படம் வேண்டுமா, தோளில் கனமான எஸ்.எல்.ஆர். மாட்டு, சுற்றுலாவுக்கா, பிளாஸ்டிக் பெட்டி போதும். இந்தப் பிரிவினையைப் பரவலாக உடைத்தவர்கள் ஜப்பானியர். எஸ்.எல்.ஆர். லென்ஸுக்குச் சமமான லென்ஸைச் சட்டைப்பையில் அடங்கும் உலோக உடம்பில் பொருத்தினார்கள். ‘கோக்யூ கொம்பாக்டோ’ என்று அதற்குப் பெயர் வந்தது. உயர்தரச் சிறு கேமரா என்று பொருள். நில விலையும் பங்கு விலையும் கண்மண் தெரியாமல் ஏறிய 1980-களின் ஜப்பான், இப்படி ஒரு பொருளுக்குத் தயாராக இருந்தது.

முன்னால் போனது கியோசெரா. கியோட்டோவில் 1959-ல் கஸுவோ இனாமோரி தொடங்கிய பீங்கான் கம்பெனி அது. 1983-ல் யாஷிகாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யாஷிகாவின் கையில் கான்டாக்ஸ் என்ற பழைய ஜெர்மானியப் பெயரும், ஸைஸ் லென்ஸ் செய்யும் உரிமையும் இருந்தன. 1984-ல் கான்டாக்ஸ் டி வந்தது. வடிவமைப்பு போர்ஷே டிசைன். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். 1990-ல் கான்டாக்ஸ் டி2. டைட்டானியம் உடம்பு, 38 மி.மீ. எஃப் 2.8 ஸோனார் லென்ஸ், ஆட்டோஃபோகஸ்.

டி2-வைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதைச் செய்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும். விரல் அழுத்தும் ஷட்டர் பொத்தான் செயற்கை நீலக்கல். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் முகப்பும் நீலக்கல் கண்ணாடி. பின்கதவைத் திறந்தால், ஃபிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு பீங்கான். பீங்கான் செய்யத் தெரிந்தவன் தன் கைவேலையைப் படம் எடுப்பவனின் விரலும் கண்ணும் தொடும் இடங்களில் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். முப்பது வருடம் கழித்தும் அந்தப் பொத்தானில் ஒரு கீறல் இல்லை.

இதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1980, 90-களில் தமிழ் வீடுகளின் பிறந்தநாள், காதுகுத்து, பழனி, கொடைக்கானல் படங்களில் பலவற்றை எடுத்தது யாஷிகா எம்எஃப்-2. துபாயிலிருந்தோ பர்மா பஜாரிலிருந்தோ வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தக் கறுப்புப் பெட்டியும், இன்று லட்ச ரூபாய்க்கு விற்கும் டி2-வும் ஒரே கம்பெனி வாசலிலிருந்து புறப்பட்டவை.

டி2 ஓடியதும் எல்லோரும் வரிந்துகட்டினார்கள். 1993-ல் நிக்கான் 35டிஐ வந்தது. அதன் மேல்தட்டில் கைக்கடிகாரம்போல ஒரு முகப்பு. தூரம், அபெர்ச்சர், எத்தனையாவது படம் என்பதையெல்லாம் முட்கள் நகர்ந்து காட்டும். எல்.சி.டி. எண் வந்துவிட்ட காலத்தில் முள் வைத்த அந்தப் பிடிவாதம் அழகு. அதே காலத்தில் கோனிகா ஹெக்ஸார், 35 மி.மீ. எஃப் 2 லென்ஸோடு. 1995-ல் லைக்கா மினிலக்ஸ். 1996-ல் ரிகோ ஜிஆர்1, மினோல்டா டிசி-1. 185 கிராம் எடையுள்ள டிசி-1-ல் அபெர்ச்சர் நான்கும் நான்கு முழு வட்டத் துளைகள். ஜிஆர்1, டிசி-1 இரண்டின் லென்ஸும் பெயர் வாங்கியதால், லைக்கா திருகுமரையில் தனி லென்ஸாகவும் செய்து விற்றார்கள். சிறிய கேமராவின் லென்ஸ் பெரிய கேமராவுக்குப் போனது. 2001-ல் கான்டாக்ஸ் டி3. அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. டிஜிட்டல் வந்தது. 2005-ல் கியோசெரா கான்டாக்ஸ் கேமராக்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

பிறகு வெகுகாலம் இவற்றைச் சீந்துவாரில்லை. 2017-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜிம்மி ஃபாலன் நிகழ்ச்சிக்கு வந்த மாடல் கெண்டல் ஜென்னர், கையில் டி2-வை வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசினார். ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்த விலை அதன்பின் பாய்ந்தது. இன்று நல்ல நிலையிலுள்ள டி2 ஆயிரம் டாலரைச் சுற்றி நிற்கிறது. டி3-யும் டிசி-1-ம் அதற்கும் மேலே.

எதைப் பார்த்து வாங்குவது?

லென்ஸ் கூர்மையைப் பார்த்து வாங்காதீர்கள். நான் சொன்ன எல்லாக் கேமராக்களின் லென்ஸும் கூர்மையானவை. ஒரே ரோலை டி2-விலும், பிளாஸ்டிக் உடம்பு ஒலிம்பஸ் மியூ-2-விலும் எடுத்து அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டால், எது எந்தக் கேமரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலை பத்து மடங்கு என்றால் படம் பத்து மடங்கு என்று பொருளில்லை.

முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் கோணம். இவற்றில் லென்ஸை மாற்ற முடியாது. வாங்கிய கோணத்தோடுதான் வாழ்க்கை. 28 மி.மீ. என்றால் ஆளை நெருங்கிப் போக வேண்டும், இரண்டு எட்டு. தெருவில் புகுந்து புறப்படுகிறவர்களுக்கு அது. டோக்கியோவின் ஷின்ஜுகு சந்துகளை வாழ்நாளெல்லாம் படம் எடுத்துவரும் டைடோ மொரியாமா ரிகோ ஜிஆர் வரிசையைக் கையில் எடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. குழந்தையின் முகம், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் என்றால் 38, 40 மி.மீ. தான் இயல்பாக வரும். எனக்கு அதுதான். வருடக்கணக்காக 28-ஐ ஆசைப்பட்டு, இரவல் வாங்கிப் பார்த்து, என் படங்களில் மனிதர்கள் எறும்புபோல் நிற்பதைக் கண்ட பிறகே அது தெரிந்தது.

அடுத்தது, யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு சங்கதி: ஃப்ளாஷ். மியூ-2-வை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃப்ளாஷ் தானாக ‘ஆட்டோ’வுக்குத் திரும்பிவிடும். மங்கிய வெளிச்சத்தில் பாட்டி சாய்வு நாற்காலியில் தூங்கும் அழகைப் படம் எடுக்கப் போவீர்கள், பளீரென்று வெட்டும், பாட்டி விழித்துக்கொள்வாள். ஜிஆர்1-ல் ஃப்ளாஷுக்கு நகர்த்தி வைக்கும் தனிச் சுவிட்ச். அணைத்தால் அணைத்ததுதான். அன்றாடம் உபயோகிப்பவனுக்கு லென்ஸ் ஸோனாரா டெஸ்ஸாரா என்பதைவிட இது பெரிய விஷயம்.

ஜிஆர்1-ல் எனக்குப் பிடித்த இன்னொன்று. ரோலை மாட்டியதும் முழு ஃபிலிமையும் முதலில் வெளியே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். எடுக்கும் ஒவ்வொரு படமும் டப்பாவுக்குள் திரும்பிப் போகும். தவறிப் பின்கதவு திறந்துகொண்டாலும், எடுத்த படங்கள் இருட்டில் பத்திரம். கேமராவின் தடிமன் ஃபிலிம் டப்பாவைவிடக் கொஞ்சமே கூடுதல். இதற்குமேல் மெலிதாக்க ஃபிலிமே இடம் தராது.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். ஹெக்ஸாரின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி. உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப் 16-ல் 1/400 அளவு வேண்டும். கலர் நெகட்டிவ் அந்தக் கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பகலில் எஃப் 2 திறந்து பின்னணியைக் கரைக்கலாம் என்று அதை வாங்கினால் ஏமாற்றம்தான். அது விளக்கு வெளிச்சத்துக்கான கேமரா. சத்தமே இல்லாமல் எடுக்கும். டி2 1/500 வரை போகும்.

ஆட்டோஃபோகஸுக்கும் ஒரு குணம் உண்டு. இந்தக் காலத்துக் கேமராக்களில் பல, அகச்சிவப்புக் கதிரை அனுப்பி அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணிப்பவை. ரயிலின் ஏ.சி. பெட்டி ஜன்னல் வழியே மலையைப் படம் எடுத்தால் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடிக்கு ஃபோகஸ் ஆகி மலை மங்கிப்போகும். கேமராவில் முடிவிலித் தூரத்துக்குப் பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிது, அந்தப் பட்டை. லைக்கா மினிலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஈ02’ என்ற எழுத்தைக் கண்டாலே வயிறு கலங்கும். உள்ளே பட்டை தேய்ந்ததும் திரையில் வரும் பிழை அது. ஜிஆர்1-ல் மேல்தட்டு எல்.சி.டி.யின் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். எல்லாம் தெரிந்த வியாதிகள். வாங்க நினைக்கும் மாடலுக்கு என்ன வியாதி வரும், அதைப் பார்க்கும் கை எந்த ஊரில் இருக்கிறது என்பதை விலை பேசும் முன்னே விசாரித்து வையுங்கள். பார்க்கும் கை இல்லாத மாடலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

கடை மேஜையில் ஐந்து நிமிடம்

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தைச் சுற்றிப் பழைய கேமராக் கடைகள் உண்டு. அங்கே ஒரு கடையில்தான் இப்போது என்னிடமுள்ள டி2-வை வாங்கினேன். கடைப் பையன் வெள்ளைக் கையுறை போட்டு, துணி விரித்த தட்டில் கேமராவை வைத்து, பக்கத்தில் ஒரு பேட்டரியையும் வைத்தான். விலைச் சீட்டில் குறைகளைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: அடித்தட்டில் ஒரு கீறல், வியூஃபைண்டருக்குள் தூசி. குறையை எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பேட்டரி போட்டு லென்ஸை நாலைந்து முறை வெளியே வரவைத்துக் காதில் வைத்துக் கேட்டேன். திணறாமல் ஒரே சீராக வந்து போக வேண்டும். பின்கதவைத் திறந்துவிட்டு, ஷட்டர் திறக்கும் நொடியில் லென்ஸ் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். ஃபோன் டார்ச்சை லென்ஸில் சாய்த்து அடித்தேன். சிலந்தி வலைபோலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. எல்.சி.டி.யில் எல்லாக் கோடும் வருகிறதா, ஃப்ளாஷ் மறுபடி ஏற எத்தனை நொடி ஆகிறது, கிட்டே ஒன்றையும் எட்ட ஒன்றையும் குறிபார்த்தால் ஃபோகஸ் மாறுகிறதா. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தச் சோதனைக்கு இடம் தராதவரிடம், படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பி, முதல் கேமராவை இழந்தவன் நான். ஊருக்குக் கொண்டுவருவதென்றால் சுங்க வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டை இல்லாத கேமரா

“சட்டைப்பையில் நல்ல ஃபிலிம் கேமரா வேண்டும், பழுதானால் சரிசெய்ய முடிய வேண்டும்” என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ரோலை 35. ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மானியப் பொறியாளர், முந்தைய கம்பெனியில் ஆதரவு கிடைக்காத தன் கனவை ரோலைக்குக் கொண்டுபோய், 1966-ல் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் அரங்கேற்றினார். பிறகு தயாரிப்பு சிங்கப்பூருக்கும் போனது. எல்லாம் பல்சக்கரமும் நெம்புகோலும். ஃபிலிமை நகர்த்தும் நெம்பு இடப்பக்கம், ஃப்ளாஷ் மாட்டுவது கேமராவின் அடியில்; இடத்தை மிச்சப்படுத்த மனிதர் எதையும் தலைகீழாக்கத் தயங்கவில்லை. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். அதற்குரிய பழைய பாதரசப் பேட்டரி இப்போது கிடையாது. அது இல்லாமலே கேமரா ஓடும்.

ஆட்டோஃபோகஸ் இல்லை, தூரத்தைக் கண்ணால் கணிக்க வேண்டும். பயப்பட வேண்டாம். 40 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல், 3 மீட்டரில் வைத்துவிட்டால், சுமார் 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் தாண்டியும் தெளிவாக விழும். ஒரு கூடத்துக்குள் நடப்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

தூரத்தைக் கணிக்கப் பிடிக்காதவர்களுக்கு ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. 1979-ல் யோஷிஹிஸா மைதானி வடிவமைத்தது. கேமரா உறை, லென்ஸ் மூடி இரண்டும் வேண்டாம் என்று முன்பக்கத்தில் ஒரு நகரும் கதவை வைத்தார். மூடினால் சோப்புக்கட்டி, திறந்தால் கேமரா. வியூஃபைண்டரில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கினால் ஃபோகஸ். ஷட்டர் மின்னணுவில் ஓடுவதால் பேட்டரி கட்டாயம். ஆனாலும் மோட்டார் இல்லை, வெளியே வந்து போகும் லென்ஸ் இல்லை. விலையோ டி2-வில் சிறு பங்கு.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு 2024-ல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. வந்தபோது அமெரிக்க விலை 499.95 டாலர். ஒரு ஃபிரேமைப் பாதியாக்கி 17-க்கு 24 மி.மீ. படமாக எடுப்பதால் 36 ரோலில் 72 படம். கையால் சுற்றும் நெம்பு வைத்திருக்கிறார்கள். உத்தரவாதத்தோடு ஒரு ஃபிலிம் கேமரா! அதை நான் மனதார வரவேற்கிறேன்.

வாங்கிய பின்

பெட்டியில் பூட்டி வைத்தால் இவை சாகும். சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை ஏறும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை லென்ஸை வெளியே வரவைத்து நாலு தடவை ஷட்டரை அழுத்துவது. இவ்வளவே மருந்து. விமான நிலையத்தில் ஃபிலிமை ஸ்கேனரில் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சி.டி. ஸ்கேனர்கள் ஃபிலிமைப் பாழாக்கிவிடும்.

ஃபிலிம் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகச் சதுரங்கள் இருக்குமே, அதுதான் டி.எக்ஸ். குறி. ஐஎஸ்ஓ எவ்வளவு என்று கேமரா அதைத் தொட்டுத் தெரிந்துகொள்கிறது. சினிமா ஃபிலிமை வெறும் டப்பாவில் சுற்றி விற்பதை வாங்கினால் அந்தக் குறி இருக்காது. பெரும்பாலான காம்பாக்டுகள் 100 என்று எடுத்துக்கொள்ளும். கையால் மாற்றவும் வழியிருக்காது. கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் சுருள் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. ஆலை மூடிவிட்டது. இன்று நாம் மாட்டும் கொடாக் ராச்செஸ்டரிலிருந்தும், இல்ஃபோர்ட் இங்கிலாந்திலிருந்தும் வருகிறது. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால் ஒரு ரோலுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கேமராவுக்கு ஒரு லட்சத்தைக் கொட்டிவிட்டு ரோல் வாங்கத் தயங்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய டி2 அலமாரியில் தூங்குகிறது.

எனக்கு ஏன் இன்னும் பிரியம்? போன மாதம் தம்பி மகளின் காதுகுத்தில் டி2 சட்டைப்பையில் இருந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கம்பியை எடுக்கிறார், சுற்றிலும் பத்து ஃபோன்கள் நீட்டியபடி. நான் ஒரே ஒரு முறை அழுத்தினேன். எப்படி வந்தது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்க முடியாது. கேமரா மறுபடி பைக்குள் போனது, நான் குழந்தையைப் பார்த்தேன். பத்து நாள் கழித்து நெகட்டிவ் வந்தது. அழத் தொடங்குவதற்கு முந்தின நொடி, வாய் மட்டும் திறந்திருக்கிறது. பிரிண்ட் போட்டுத் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். இப்போது அது அவர்கள் வீட்டுப் பூஜை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஆகவே, வாங்கலாம். ஆனால் லட்ச ரூபாயை எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பரணில் அப்பாவின் யாஷிகாவோ, சித்தப்பாவின் கொடாக்கோ கிடக்கும். இறக்குங்கள். பேட்டரி கசிந்திருந்தால் துடைத்துவிட்டு இரண்டு பென்டார்ச் செல் போடுங்கள். பத்து ரோல் எடுங்கள். எவ்வளவு நெருங்கிப் போகிறீர்கள், ஃப்ளாஷ் எத்தனை முறை வேண்டியிருந்தது, ரோல் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பதினோராவது ரோலுக்கும் ஆசை இருந்தால் அப்போது கடைக்குப் போங்கள், டார்ச்சோடு.